580 வோல்ட்டுக்கா பயப்பட வேண்டும்? எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன் ஆம்ப் கட்டுவதும் ரிப்பேர் செய்வதும்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். எல்எம்3886 ஐசி வைத்து ஸ்பீக்கர் ஆம்ப் கட்டிய பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. ஜப்பானிலிருந்து ஒரு பழைய ஸ்டாக்ஸ் (எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன் செய்யும் ஜப்பான் கம்பெனி) லாம்டா புரோ ஹெட்போன் கைக்கு வந்திருக்கிறது, அதற்கான ஆம்ப் இல்லை. இந்த வகை ஆம்ப்களை வடிவமைத்துப் பொதுவில் தந்த கெவின் கில்மோரின் டிசைன் ஒன்றை எடுத்து நீங்களே கட்டலாமா, அல்லது விலைக்கு வருகிற, இடது பக்கம் பாடாத ஸ்டாக்ஸின் எஸ்ஆர்எம்-டி1 ஆம்ப் ஒன்றை வாங்கிச் சரிசெய்யலாமா என்று கேட்கிறீர்கள். தூத்துக்குடியில் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். கடைசி வரியில், "580 வோல்ட் என்கிறார்களே, உயிருக்கு ஆபத்தா?" என்று சேர்த்திருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டையும் முடிவு செய்வது சுலபம்.

வால்வு ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரில் தொடங்கியவன் நான். பிறகு பல வருடங்களாக இந்த வகை ஆம்ப்களைப் பொழுதுபோக்காகக் கட்டியும் பிரித்துப் பார்த்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அந்த 580 வோல்ட் உங்களைக் கொல்லாது. அதே பெட்டிக்குள் இருக்கும் 300, 400 வோல்ட்தான் கொல்லும். பெரிய எண்ணைப் பார்த்து பயந்துவிட்டு, சின்ன எண்ணின் பக்கம் அலட்சியமாகக் கை வைப்பதுதான் இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

காரணத்தைச் சொல்கிறேன். இந்த ஹெட்போனில் காந்தம் கிடையாது, வாய்ஸ் காயில் கிடையாது. ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனே உள்ள ஒரு பிளாஸ்டிக் படலம், ஓட்டை போட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தகடுகளை ஸ்டேட்டர் என்பார்கள். படலத்துக்கு நிலையான மின்னழுத்தம் ஒன்று கொடுத்து வைக்கிறோம், அதுதான் பயஸ். ஸ்டாக்ஸின் பழைய நார்மல் வகைக்கு 230 வோல்ட், புரோ வகைக்கு 580. இசை அந்தப் படலத்துக்குப் போவதில்லை, இரண்டு ஸ்டேட்டர்களுக்கும் எதிரெதிராகப் போகிறது. ஒன்று பிளஸ் பக்கம் ஏறும்போது மற்றது மைனஸ் பக்கம் இறங்கும், நடுவில் உள்ள படலம் இழுபட்டு ஆடும். பயஸின் வேலை படலத்தில் மின்னேற்றத்தை வைத்திருப்பது மட்டும்தான், கரண்ட் என்று சொல்லும்படி எதுவும் ஓடத் தேவையில்லை. அதனால் 580 வோல்ட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே 4.7 மெகா ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டிருப்பார்கள். 580-ஐ 4.7 மெகா ஓமால் வகுத்துப் பாருங்கள், 0.12 மில்லி ஆம்பியர். பயஸ் பின்னைத் தொட்டு எர்த்துக்குப் பாதை கொடுத்தாலும் அதற்கு மேல் போக முடியாது. டிசியில் அந்த அளவு கரண்ட் உடம்புக்குத் தெரியவே தெரியாது.

அதே சாக்கெட்டில் பக்கத்துப் பின்களைப் பாருங்கள், ஸ்டேட்டர் பின்கள். அவற்றுக்கும் அவுட்புட் ஸ்டேஜுக்கும் நடுவே பாதுகாப்புக்கென்று இருப்பது பெரும்பாலும் 5 கிலோ ஓம் சுற்றளவில் ஒரு ரெசிஸ்டர். ஆம்ப் நன்றாக இருக்கும்போது அந்தப் பின்னில் டிசி பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். அவுட்புட் ஸ்டேஜ் பழுதாகி ரெயிலில், அதாவது பிளஸ் அல்லது மைனஸ் சப்ளை லைனில், போய் ஒட்டிக்கொண்டால் 400 வோல்ட் அங்கே வந்து நிற்கும். 400-ஐ 5 கிலோ ஓமால் வகுத்தால் 80 மில்லி ஆம்பியர். வீட்டு ஆர்சிசிபியை (கரண்ட் கசிந்தால் விழும் பிரேக்கர்) 30 மில்லி ஆம்பியருக்கு விழும்படி வைத்திருப்பது எதற்கு என்று யோசித்தால் 80 என்ன செய்யும் என்று புரியும். அந்த ஆர்சிசிபி இங்கே உங்களைக் காப்பாற்றாது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி பக்கம் உடம்பு வழியாக ஓடும் கரண்ட் செகண்டரிக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். பிரைமரியில் போகும் கரண்டும் வரும் கரண்டும் சமமாகவே இருக்கும், ஆர்சிசிபிக்கு வித்தியாசமே தெரியாது.

சுவிட்சை அணைத்தாலும் ஆபத்து உடனே போய்விடாது. 470 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் ஒன்றில் 400 வோல்ட் நின்றால் அதில் சேர்ந்திருப்பது கிட்டத்தட்ட 38 ஜூல். ரெயில் இரண்டு, எனவே இதுபோல இரண்டு இடம். உங்கள் எல்எம்3886 பவர் சப்ளையில் 10,000 மைக்ரோ ஃபாரட் இருந்தாலும் 35 வோல்ட்டில் அது 6 ஜூல்தான், தோலைத் தாண்டி உள்ளே தள்ளுகிற அழுத்தமும் அதற்குக் கிடையாது. உங்கள் அனுபவம் வீண் என்று சொல்லவில்லை. சால்டரிங், எர்த் வயரிங், ஹீட் சிங்க் எல்லாம் அப்படியே உதவும். ஆனால் பவர் இருக்கும்போதே போர்டில் விரலை வைத்து எது சுடுகிறது என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

வேலை செய்யும் முறையில் நான் விட்டுக்கொடுக்காத சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, 10 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை நன்கு இன்சுலேட் செய்த கம்பிகளோடு இணைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரெயிலையும் அதன் வழியாக எர்த்துக்குக் காலிசெய்ய வேண்டும். 470 மைக்ரோ ஃபாரடுக்கு அரை நிமிடம் போதும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது வேண்டாம், கண்டன்சருக்கும் நல்லதில்லை, உங்கள் கண்ணுக்கும் நல்லதில்லை. காலிசெய்த பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள், சில நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களில் கொஞ்சம் வோல்டேஜ் தானாக மீண்டும் எழும்பி வரும். போர்டில் கண்டன்சரைத் தானாகக் காலிசெய்யும் பிளீடர் ரெசிஸ்டர் இருக்கிறதே என்று நம்பியிருக்கக் கூடாது, பிளீடர் திறந்துபோன பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அளக்கும்போது முதலில் எர்த் கிளிப்பை மாட்டி, அளக்கவேண்டிய இடத்திலும் கிளிப்பை மாட்டி, அப்புறம் பவர் கொடுத்து, கையை எடுத்துவிட்டு மீட்டரைப் படியுங்கள். பவர் இருக்கும்போது புரோபை வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு கைதான், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். மீட்டர் 1000 வோல்ட் டிசி உண்மையாகவே தாங்குவதாக இருக்கவேண்டும். பிளஸ் 400-க்கும் மைனஸ் 400-க்கும் இடையில் 800 இருக்கிறது, 600 வோல்ட் மீட்டரின் வேலையில்லை அது. வால்வு ஆம்ப் என்றால் இன்னொன்று: அவுட்புட் வால்வின் கேதோடு மைனஸ் ரெயிலை ஒட்டி நிற்கும் டிசைன்களில் ஹீட்டர் சப்ளையையும் அங்கேயே மிதக்க விட்டிருப்பார்கள், வால்வின் ஹீட்டர்-கேதோடு இடைவெளி அதிக வோல்டேஜ் தாங்காது என்பதால். 6.3 வோல்ட் கம்பிதானே என்று தொட்டால் எர்த்திலிருந்து பார்க்கும்போது அது சில நூறு வோல்ட் கீழே இருக்கும்.

சரி, கட்டுவதா, ரிப்பேரா? ரிப்பேரில் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. டி1 போன்ற ஒரு பெட்டி ஒரு காலத்தில் சரியாகப் பாடியது. டிசைன் சரி, லே-அவுட் சரி, டிரான்ஸ்ஃபார்மர் சரி, எங்கோ ஒரு பாகம்தான் கெட்டிருக்கிறது. வலது பக்கம் பாடுகிறது என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நகல் ஒன்று அதே பெட்டிக்குள் இருக்கிறது. புதிதாகக் கட்டும்போது இந்த வசதி எதுவும் இல்லை. ஓடவில்லை என்றால் தப்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். தவிர, 100 வோல்ட் ஆர்எம்எஸ் கொடுத்தால் ஸ்டாக்ஸ் ஹெட்போன்கள் 100 டெசிபல் அளவில் சத்தம் தரும், லாம்டா வரிசையும் அதை ஒட்டித்தான். ஸ்டாக்ஸின் மிகச் சின்ன ஆம்ப்களில் ஒன்றான எஸ்ஆர்எம்-252எஸ் 280 வோல்ட் தரும், பெரிய 727 வரிசை 450 தரும். இரண்டுக்கும் வித்தியாசம் 4 டெசிபல். அதனால் 450-க்குக் குறைந்தால் கேட்கவே முடியாது என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம்.

உடனே கேட்டுப் பார்க்க ஆசை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ்டாக்ஸின் எஸ்ஆர்டி-7 வகை அடாப்டர் பெட்டிகள் பழைய சாமான் சந்தையில் கிடைக்கும். உள்ளே ஒரு ஜோடி ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரும் பயஸ் சுற்றும்தான். உங்கள் எல்எம்3886 ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் மாட்டினால் ஓடும். புரோ பயஸ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், எஸ்ஆர்டி-7 மார்க் 2-ல் இரண்டும் உண்டு. உங்கள் ஐந்து பின் புரோ பிளக் ஆறு துளை நார்மல் சாக்கெட்டிலும் நுழையும், கெட்டுப்போகாது, ஆனால் சத்தம் குறைவாக வரும்.

டி1-க்கு வருவோம். 1980களின் பிற்பகுதியில் வந்த மாடல். முன்பக்கம் டிரான்சிஸ்டர், அவுட்புட்டில் இரண்டு 6எஃப்க்யூ7 வால்வுகள் (ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பாதி), 6சிஜி7 என்றும் எழுதியிருக்கும். பெட்டி வந்ததும் ஹெட்போனை மாட்டாதீர்கள். ஸ்டேட்டரில் டிசி நிற்கிறதா என்று தெரியாமல் மாட்டினால் படலம் ஒரு பக்கத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், அந்தப் படலத்துக்கு இனி மாற்று கிடைப்பது கஷ்டம். மூடியைத் திறந்து முதலில் கண்ணால் பாருங்கள். சூடான ரெசிஸ்டர்களுக்குக் கீழே போர்டு பழுப்பேறியிருக்கும், அவற்றின் காலைச் சுற்றி சால்டரில் மெல்லிய வட்ட விரிசல் இருக்கும், வால்வு சாக்கெட் பின்களிலும் அப்படியே. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பாதி டி1 கோளாறுகள் அந்த இடத்தில்தான் இருக்கும் என்று சொல்லுமளவுக்கு நான் பார்த்திருக்கிறேன், இருந்தாலும் உங்கள் பெட்டியில் அதுதான் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. வயதான எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களை, கெட்டிருக்கிறதோ இல்லையோ, எல்லாவற்றையும் 105 டிகிரி வகையாக மாற்றிவிடுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் சூட்டில் இருந்தவை அவை.

அப்புறம் 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் லாம்ப் வழியாக முதல் பவர். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள், எங்கோ ஷார்ட். அது தேறினால் சீரிஸ் லாம்பை எடுத்துவிட்டு, வால்யூம் பூஜ்யத்தில் வைத்து, நான்கு ஸ்டேட்டர் பின்களிலும் எர்த்தோடு ஒப்பிட்டு டிசி பாருங்கள். வலது பக்கம் இரண்டும் சில வோல்ட்டுக்குள் இருக்கும். இடது பக்கத்தில் ஒரு பின் பிளஸ் ரெயிலுக்குப் போய் ஒட்டியிருந்தால் அந்தப் பாதி வால்வு கீழே இழுக்கவில்லை என்று பொருள்: ஹீட்டர் எரியவில்லை, பின் தொடவில்லை, கேதோடு பக்கம் சால்டர் விட்டுவிட்டது, இவற்றில் ஒன்று. மைனஸ் பக்கம் சாய்ந்து கிடந்தால் பிளேட் ரெசிஸ்டர் திறந்திருக்க வாய்ப்பு. இடது வலது வால்வுகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள், கோளாறு கூடவே போனால் வால்வு, போகாவிட்டால் போர்டு. ஒரு எச்சரிக்கை: இது முன்பக்கத்திலிருந்து அவுட்புட் வரை டிசியாகவே இணைந்த டிஃபரன்ஷியல் சுற்று. முன்பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் போனாலும் அவுட்புட்டில் இதே அறிகுறி வரும். அதனால் வால்வும் ரெசிஸ்டரும் நன்றாக இருந்தால் பின்னாலிருந்து முன்னால் ஸ்டேஜ் ஸ்டேஜாக, வலது பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். சரியான பிறகு ஆஃப்செட், பேலன்ஸ் பிரிசெட்களைத் திருப்புவதற்கு அவசரம் வேண்டாம். மூடியைப் போட்டு அரைமணி நேரம் சூடேற விட்டு, அப்புறம் வைக்கவேண்டும். குளிர்ந்த நிலையில் பூஜ்யம் வைத்தால் சூடானதும் பத்து இருபது வோல்ட் நகர்ந்து நிற்கும்.

பயஸை அளக்கும்போது எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு, விரிவாகச் சொல்கிறேன். சாக்கெட்டின் பயஸ் துளையில் மீட்டரை வைக்கிறீர்கள், 580 வரவேண்டும், 395 காட்டுகிறது. பயஸ் சப்ளை போய்விட்டது என்று டயோடுகளை எல்லாம் கழற்ற ஆரம்பிப்பார்கள். சப்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம். 4.7 மெகா ஓம் ரெசிஸ்டரோடு சேர்ந்து அது ஒரு டிவைடர் ஆகிவிடுகிறது: 580-ஐ 10-ஆல் பெருக்கி 14.7-ஆல் வகுத்தால் 395. அந்த 395-ஐப் பார்த்தால் பயஸ் சரியாக இருக்கிறது என்றே பொருள். நார்மல் பயஸ் சாக்கெட்டில் இதே கணக்கில் 230-க்குப் பதில் 156 வரும். ரெசிஸ்டருக்கு முன்னால் அளந்தால் உண்மை எண்ணுக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அங்கே தவறிக் கை பட்டால் சுரீரென்று அடிக்கும், அதோடு சில பயஸ் சுற்றுகள் 10 மெகா ஓம் சுமைக்கே கொஞ்சம் இறங்கும். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வதே சுலபம். உங்கள் பெட்டியில் அந்த ரெசிஸ்டர் 4.7-தானா, வேறு மதிப்பா என்று பவர் இல்லாமல் அளந்துவிட்டு அந்த எண்ணைக் கணக்கில் போடுங்கள்.

ஜப்பான் பெட்டி என்பதால் கரண்ட் பற்றியும் சொல்லவேண்டும். அது 100 வோல்ட்டுக்கானது. 50 ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், ஜப்பானிலேயே டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. பழைய ஸ்டாக்ஸ் பெட்டிகள் சிலவற்றில் உள்ளே ஜம்பரை மாற்றினால் 220, 240-க்கு மாற்றிவிடலாம், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் தனித்தனிச் சுற்றுகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதைச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் ஸ்டெப்-டவுன் வேண்டும். கடையில் மலிவாகத் தருவது பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அதில் பொதுச் சுற்று அறுந்தால் 230-ம் ஆம்பின்மேல் ஏறிவிடும், இரு சுற்றும் தனியாக உள்ள ஐசொலேஷன் வகையையே வாங்குங்கள். ஜப்பான் பிளக்கில் எர்த் பின் இருக்காது. மூன்று கம்பி கார்டு போட்டு, சேசிஸை எர்த் செய்துவிடுங்கள். இந்த ஆம்புக்கு அது கண்டிப்பாக வேண்டும்.

இதையெல்லாம் முடித்த பிறகும் கட்டும் ஆசை இருந்தால், தாராளமாகக் கட்டுங்கள். இருக்கும் பொழுதுபோக்குகளில் இவ்வளவு கற்றுத்தருவது எனக்குத் தெரிந்து குறைவு. கில்மோர் தன் டிசைன்களைப் பொதுவில் வைத்தவர். வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்த ப்ளூ ஹவாய், முழு டிரான்சிஸ்டரில் கேஜிஎஸ்எஸ்எச்வி, சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் வைத்த கார்பன் என்று வரிசையாக இருக்கின்றன. உங்களுக்கு நான் கார்பனைத்தான் சொல்வேன், காரணம் ஒலி இல்லை, பாகம் கிடைப்பது. கேஜிஎஸ்எஸ்எச்வியில் முதலில் போட்டிருந்த 2எஸ்ஏ1968, 2எஸ்சி4686ஏ போன்ற 900 வோல்ட்டும் அதற்கு மேலும் தாங்கும் டிரான்சிஸ்டர்களின் உற்பத்தி நின்றுபோய்விட்டது, சந்தையில் போலி ஏராளம். அந்த மாஸ்ஃபெட்டையோ அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமிருந்தே வாங்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெட்டி, கனெக்டர், ஹீட் சிங்க், ரெசிஸ்டர் எல்லாம் வாங்குங்கள், நல்ல இடம். ஹை வோல்டேஜ் செமிகண்டக்டர் மட்டும் வேண்டாம்.

பழைய எண் டிரான்சிஸ்டரே வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் சோதித்துப் போடவேண்டும். பேஸையும் எமிட்டரையும் ஷார்ட் செய்து, 600 வோல்ட் சப்ளையிலிருந்து 1 மெகா ஓம் வழியாகக் கலெக்டருக்குக் கொடுத்து, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். பிஎன்பி என்றால் சப்ளையின் முனைகளை மாற்றிக்கொள்ளவேண்டும். அசல் பாகம் கிட்டத்தட்ட 545 காட்டும், மீதி மீட்டரின் அந்த 10 மெகா ஓம் தின்றது. போலி 150, 200-லேயே நின்றுவிடும். ஓடும் கரண்ட் அரை மில்லி ஆம்பியரை ஒட்டித்தான், பாகம் கெடாது. அந்த 1 மெகா ஓமை ஒற்றை கால்வாட் ரெசிஸ்டராகப் போடாதீர்கள். சாதாரண கால்வாட் ரெசிஸ்டர் 250 வோல்ட் அளவுதான் தாங்கும், வாட் கணக்கு சரியாக இருந்தாலும். நான்கைத் தொடராகப் போடுங்கள். ஆம்பின் ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கும் இதே விதி. பல வருடம் ஓடி மதிப்பு ஏறிப்போய், ஒரு பக்கம் சத்தம் கூடிய ஆம்ப்கள் பெரும்பாலும் இதனால்தான்.

பவர் சப்ளையை முதலில் கட்டி, டம்மி லோடில் ஓட்டிப் பார்த்த பிறகே ஆம்ப் போர்டைத் தொடுங்கள். இங்கே நம் ஊர் கரண்டுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ரெகுலேட் செய்த 400 வோல்ட் வேண்டும், லைன் வோல்டேஜ் 207-க்கு இறங்கினாலும் நிற்கவேண்டும் என்றால் செகண்டரி 350 வோல்ட் ஏசி ஆவது வேண்டும். ரெக்டிஃபை செய்தால் 495. ராத்திரி லைன் 250-க்கு ஏறும்போது அது 538. 450 வோல்ட் என்று எழுதிய கண்டன்சர் அங்கே நிற்காது. 350 வோல்ட் கண்டன்சர் இரண்டைத் தொடராகப் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் சமப்படுத்தும் ரெசிஸ்டர் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை உள்ளூரில் நன்றாகச் சுற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றுகளுக்கு இடையே மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்து 1000 வோல்ட்டில் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். சூடும் குறையாது: ஒரு ஸ்டேட்டரை ஓட்டும் பாதிக்கு 20 மில்லி ஆம்பியர் வைத்தால் 800 வோல்ட்டுக்கு 16 வாட், நான்கு பாதிக்கு 64 வாட், இசை ஓடினாலும் ஓடாவிட்டாலும். மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு நூற்றுக்கணக்கான வோல்ட்டில் இருக்கும், ஹீட் சிங்க் எர்த்தில் இருக்கும். நடுவே மெல்லிய சிலிகோன் பேடைவிட அலுமினா பேடைத்தான் நான் நம்புவேன்.

ஒலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இந்த ஆம்ப்களைப் பற்றிப் படிக்கும்போது அதுதான் அதிகம் கண்ணில் படும், அதனால் சொல்கிறேன். நிச்சயமாகச் சொல்லக்கூடியவை: ஹெட்போன் ஒரு கண்டன்சர், கேபிளோடு 100 பிகோ ஃபாரட் சுற்றளவு. 110 பிகோ ஃபாரடுக்கு 20 கிலோ ஹெர்ட்ஸில் 300 வோல்ட் கொடுக்க 4 மில்லி ஆம்பியர் வேண்டும், உச்சத்தில் 6. அவுட்புட் ஸ்டேஜில் அதற்கு இடமில்லை என்றால் மேல் சுரங்களில் டிஸ்டார்ஷன் ஏறும், அளந்தே காட்டலாம். டி1-ல் பிளேட் ரெசிஸ்டருக்குப் பதில் கான்ஸ்டன்ட் கரண்ட் சோர்ஸ் போடும் மாற்றம் பயன் தருவது இதனால்தான், ரெசிஸ்டரில் வீணாகும் கரண்ட் ஹெட்போனுக்குப் போகிறது. சந்தேகத்துக்குரியவை: கப்ளிங் கண்டன்சர் பிராண்ட், வெள்ளிக் கம்பி, நூறு மணிநேரம் ஓட்டினால் ஒலி மாறும் என்பதெல்லாம். வால்வு ஆம்பில் பாடகர் குரல் எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகக் கேட்கிறது, ஆனால் சத்தத்தை மிகச் சரியாகச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்ட சோதனையில் இல்லை இது. அதனால் இதை நம்பிப் பணம் செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, தூத்துக்குடி என்பதால். எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போனுக்கு ஈரமும் உப்புக் காற்றும் எதிரி. படலத்தின் மின்னேற்றம் ஈரத்தில் கசியும், ஒரு பக்கம் மெல்ல மெல்லச் சத்தம் குறையும், மழைக்காலத்தில் சன்னமாகக் கிறீச்சிடும். ஆம்பில் கோளாறு என்று நினைத்துப் பெட்டியைப் பிரிக்கும் முன் இடது வலது ஆர்சிஏ கம்பிகளை மாற்றிப் பாருங்கள். குறைவு அதே காதில் நின்றால் கோளாறு ஆம்பின் அந்தப் பக்கமோ ஹெட்போனோ. 1 கிலோ ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து நான்கு பின்களிலும் ஏசி வோல்டேஜ் சமமாக வந்தால் ஹெட்போன்தான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் வைத்துப் பாருங்கள், பல நேரம் அதிலேயே தேறிவிடும். தேறாமல் படலத்தின் பூச்சே போயிருந்தால் அது என் கைக்கு அடங்கிய வேலையில்லை, அதையே செய்கிறவர்களிடம்தான் கொடுக்கவேண்டும்.

டி1-க்குப் பணம் கொடுக்கும் முன் விற்கிறவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இரண்டு வால்வின் ஹீட்டரும் மங்கலாகச் சிவக்கிறதா, பின்னால் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது, மூடியைத் திறந்து போர்டின் இரண்டு பக்கமும் படம் எடுத்துத் தர முடியுமா. அவரை உள்ளே எதையும் அளக்கச் சொல்லாதீர்கள். பெட்டி உங்களிடம் வந்த பிறகு ஹெட்போன் மாட்டாமல் எடுத்த நான்கு பின் டிசி அளவுகளையும் பயஸ் அளவையும் மீட்டர் மாடலோடு இங்கே எழுதுங்கள். எந்த ஸ்டேஜில் தேடவேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.